கடற்பயணமும் கடன் அட்டையும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். மும்பையில் பத்தாண்டுகளாக வேலையில் இருப்பவர். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறார்கள். நான் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பணம் பற்றிய ஐயம் எழுந்தால் நண்பர்கள் என்னைக் கேட்பது வழக்கம்.

“அப்பாவுக்கு வருகிற தை மாதம் எழுபது நிறைகிறது, சார். இங்கே வரும்போதெல்லாம் கடற்கரையில் நின்று கப்பல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறையாவது அவரையும் அம்மாவையும் கப்பலில் ஏற்றி அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு நான்கு இரவுகள் சென்று திரும்பும் பயணம். நாங்கள் நால்வர், இரண்டு அறைகள். விமானச் செலவு போகக் கப்பலுக்கென்று மூன்று இலட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது பாங்கிலிருந்து நாள்தோறும் தொலைபேசி வருகிறது. உயர்வகைக் கிரெடிட் கார்டு வாங்கிக்கொண்டால் கப்பல் பயணத்திற்கு ஏராளமான சலுகைகள் உண்டாம். பால்கனி வைத்த பெரிய அறையையே எடுத்துக்கொண்டு, மிகுதிப் பணத்தைத் தவணையில் கட்டலாமாம். வாங்கலாமா?”

“வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்” என்றேன். அவ்வாறே வந்தார். அன்று நாங்கள் போட்ட கணக்கு நம்மில் பலருக்கும் பயன்படக் கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தமிழருக்குக் கப்பற்பயணம் புதிதன்று. 1926-இல் கட்டப்பட்ட ‘ராஜுலா’வும், அதற்குப் பின் வந்த ‘சிதம்பர’மும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்து சென்றவை. பிழைப்புத் தேடிச் சென்றவர்களே அவற்றில் மிகுதி. 1985-இல் ‘சிதம்பரம்’ தீவிபத்துக்குள்ளானபின் அந்தப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. இன்று கப்பலில் ஏறுவது ஊர் போய்ச் சேருவதற்காக அன்று. கப்பலில் இருப்பதற்காகவே ஏறுகிறார்கள். 2021 செப்டம்பரில் ‘கார்டெலியா’ நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்னும் கப்பல் மும்பையிலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. இத்தகைய பயணங்களை வளர்ப்பதற்கென்று மத்திய அரசு 2024 செப்டம்பர் 30-இல் மும்பைத் துறைமுகத்தில் ‘குரூஸ் பாரத்’ என்ற திட்டத்தையும் தொடங்கியது. ஆகவே நண்பரின் ஆசை இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத ஆசையன்று. ஆனால் அதை எந்த வழியில் நிறைவேற்றிக்கொள்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கட்டணத்தில் அடங்கியவை எவை?

சலுகையைப் பற்றி எண்ணுமுன் கட்டணத்தைப் பற்றி அறிதல் வேண்டும். கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்தில் காட்டும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு ஆளுக்குக் கணக்கிட்ட தொகையாகும். தனியே ஒருவர் ஓர் அறை எடுத்தால் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே கொடுக்க நேரிடும். துறைமுகக் கட்டணமும் வரியும் பல சமயங்களில் தனியே சேர்க்கப்படும். பெரும்பாலான கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று டாலரில் வசூலிக்கப்படும். கரையில் இறங்கி ஊர் சுற்றும் செலவு, இணைய வசதி, பானங்கள், சிறப்பு உணவகங்கள் ஆகியவையும் தனி.

‘சில்வர்சீ’, ‘சீபோர்ன்’, ‘ரீஜெண்ட் செவன் சீஸ்’ போன்ற மிக உயர்ந்த வகைக் கப்பல்களில் நிலைமை வேறு. அங்கே டிப்ஸும் பானங்களும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். தொடக்கத்தில் அதிகமாகத் தோன்றும் தொகை முடிவில் அவ்வளவு அதிகமாக இல்லாமலும் போகலாம். எனவே இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது, இறங்கும் நாளன்று கையைவிட்டுப் போயிருக்கும் மொத்தத் தொகையையே ஒப்பிட வேண்டும்.

அறைகளில் நான்கு வகை உண்டு: உள்ளறை, சன்னல் அறை, பால்கனி அறை, பெரிய சூட் அறை. உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் விலை வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் எந்த அறை எடுத்தவரும் மேல்தளத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். ஒரே உணவுக்கூடத்தில் உண்ணலாம். இதை நண்பரிடம் சொன்னபோது, “அப்பா அறைக்குள் இருக்கவே மாட்டார், நாள் முழுதும் மேல்தளத்தில்தான் இருப்பார்” என்றார்.

புள்ளிகளின் கணக்கு

கடன் அட்டை 1950-இல் நியூயார்க்கில் ‘டைனர்ஸ் கிளப்’ என்ற பெயரில், உணவு விடுதிகளில் கையில் பணமின்றி உண்பதற்காகத் தோன்றியது. நம் நாட்டில் 1980-இல் சென்ட்ரல் பாங்க் கடன் அட்டை வெளியிட்டது. அன்று அது வெறும் வசதியாக இருந்தது. இன்றோ செலவு செய்யும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ‘ரிவார்டு பாயிண்டு’ எனப்படும் புள்ளிகள் தருவதாகக் கூறி, வங்கிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. சாதாரண அட்டையில் இதன் மதிப்பு நூற்றுக்கு ஒரு ரூபாய் அளவிலும் அதற்குக் கீழும் இருக்கும். உயர்வகை அட்டைகளில் இரண்டு, மூன்று ரூபாய் வரையிலும் போகும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒரே புள்ளிக்கு எல்லா இடத்திலும் ஒரே மதிப்பில்லை. விமானச் சீட்டு வாங்கினால் ஒரு ரூபாயாக மதிக்கப்படும் புள்ளி, அட்டைக் கணக்கில் ரொக்கமாகக் கழித்துக்கொண்டால் அதில் பாதிக்கும் குறைவாகிவிடும் அட்டைகள் உண்டு. இரண்டாவது, “ஐந்து மடங்கு, பத்து மடங்கு” என்று கூறும் சலுகைகள் பெரும்பாலும் வங்கியின் சொந்தத் தளத்தில் விமானமும் ஹோட்டலும் பதிவு செய்தால்தான் கிட்டும். கப்பலுக்கு அது பொருந்துமா என்று கேட்டறிதல் அவசியம். மூன்றாவது, ஒவ்வொரு வணிக நிறுவனத்திற்கும் அட்டை உலகில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. கப்பல் நிறுவனத்திற்கு 4411. பிரயாண ஏஜெண்டுக்கு 4722. “பயணச் செலவுக்குக் கூடுதல் புள்ளி” என்று வங்கி சொன்னால், எந்தக் குறியீடுகளை அது பயணமாகக் கருதுகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது நண்பரின் மூன்று இலட்சத்தை எடுத்துக்கொள்வோம். அவர் வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நேரே டாலரில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்யும்போது வங்கி கூடுதல் கட்டணம் ஒன்று விதிக்கும். சாதாரண அட்டைகளில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 3.5. மூன்று இலட்சத்திற்கு 10,500 ரூபாய். அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் சரக்கு சேவை வரி 1,890 ரூபாய். ஆக 12,390 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் அவருக்குக் கிடைக்கும் புள்ளிகளின் மதிப்பு 3,000. எனவே நிகர நட்டம் 9,390 ரூபாய்.

உயர்வகை அட்டையில் அந்தக் கூடுதல் கட்டணம் நூற்றுக்கு 2 என்று கொண்டால் 6,000 ரூபாய், வரி 1,080, ஆக 7,080. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வீதம் புள்ளிகள் 6,000. நிகர நட்டம் 1,080 மட்டுமே. இதுவரையில் உயர்வகை அட்டைதான் மேலானது.

ஆனால் அந்த அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. நண்பருக்குச் சொல்லப்பட்டது 10,000 ரூபாய்; வரியுடன் 11,800. (60,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுக் கட்டணம் உள்ள அட்டைகளும் இருக்கின்றன.) இதையும் சேர்த்தால் உயர்வகை அட்டை வழியே ஆகும் நட்டம் 12,880 ரூபாய். அதாவது இந்த ஒரு பயணத்திற்காக மட்டும் புதிய அட்டை வாங்கினால், பழைய அட்டையிலேயே செலுத்துவதைவிட 3,490 ரூபாய் அதிகம் இழக்கிறார்!

முதல் ஆண்டில் கட்டணத்திற்கு ஈடான புள்ளிகளை வரவேற்புப் பரிசாகத் தரும் அட்டைகள் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு செய்தால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அட்டைகளும் உண்டு. அத்தகைய அட்டை ஏற்கெனவே கையில் இருந்து, இந்தக் கப்பல் செலவால் அந்த எல்லையை எட்டுபவருக்குக் கணக்கு இலாபமாகவே முடியும். நான் சொல்வது, சலுகைக்காகப் புதிதாக அட்டை வாங்குபவரைப் பற்றி.

மற்றொரு வழி, நம் நாட்டு ஏஜெண்டிடம் ரூபாயில் பதிவு செய்வது. அப்போது நாணயக் கூடுதல் கட்டணம் இல்லை. நண்பரைப் பொறுத்தவரை, அதே அறைகளை 3,12,390 ரூபாய்க்குக் குறைவாக ஏஜெண்டு தருவாரானால் அதுவே இலாபம். ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்கும்போது ஏஜெண்டு வருமான வரியின் பேரில் ஒரு தொகையை முன்கூட்டி வசூலிப்பார். 2023 அக்டோபர் 1 முதல் 7 இலட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இது இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை 10 இலட்சமாயிற்று. 2026-27ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தொகை எல்லை இன்றி 2 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிக்கப்பட்டது. பதிவு செய்யும் நாளில் நடப்பு வீதம் என்னவென்று கேட்டுக்கொள்க. இது தொலைந்துபோகும் பணமன்று. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறோமோ அவர் கணக்கில்தான் அது வரவாகும். வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத முதிய தந்தையின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அலையாமல், ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் மகன் தன் எண்ணையே கொடுப்பது நல்லது.

ஒரு மாத வட்டி

புள்ளிக் கணக்கில் மூவாயிரம், நாலாயிரம் கூடினாலும் குறைந்தாலும் குடும்பம் கெட்டுவிடாது. கெடுப்பது வேறொன்று.

கடன் அட்டையில் செலவு செய்த பணத்தை, மாதக் கணக்கு வந்தபின் குறித்த நாளுக்குள் முழுவதும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. செலவு செய்த நாளைப் பொறுத்து ஏறத்தாழ 45, 50 நாள் வரை வட்டியில்லா அவகாசம் கிடைக்கும். முழுவதும் கட்டாமல் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தாலோ, வட்டி அந்தக் குறித்த நாளிலிருந்து அன்று, செலவு செய்த நாளிலிருந்தே ஓடும். புதிதாகச் செய்யும் செலவுகளுக்கும் அந்த அவகாசம் அற்றுப்போகும்.

மாதத்திற்கு நூற்றுக்கு 3.5 வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 42 சதவீதம். மூன்று இலட்சத்திற்கு ஒரு மாத வட்டி 10,500. வட்டியின்மேல் 18 சதவீத வரி 1,890. ஆக 12,390 ரூபாய். உயர்வகை அட்டையில் கிடைத்த புள்ளிகளின் மதிப்பு 6,000. அதைப் போல் இருமடங்குக்கும் மேலான தொகை ஒரே மாதத்தில் போய்விடுகிறது. “குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்” என்று கணக்குத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அது நூற்றுக்கு 5 வீதம் 15,000 ரூபாய் என்று கொண்டால், அதில் 12,390 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போக, அசலில் கழிவது 2,610 ரூபாய் மட்டுமே. பயணம் நான்கு இரவுகளில் முடிந்துவிடும். கடன் பல ஆண்டுகள் கூடவே வரும்.

இந்த வட்டிக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு இருக்கிறதே என்று நண்பர் கேட்டார். ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே அந்த வேலியை நம்பியிருக்க வேண்டாம் என்றேன்.

தவணை முறை இதைவிடச் சற்று மேல், எனினும் இலவசமன்று. பால்கனி அறைகளுக்காக நண்பர் இன்னும் இரண்டு இலட்சம் தவணையில் எடுப்பதாகக் கொண்டு, ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் 12 மாதத் தவணை போட்டுப் பார்த்தோம். மாதத் தவணை ஏறத்தாழ 18,150 ரூபாய். ஆண்டு முடிவில் கட்டிய வட்டி சுமார் 17,750. வட்டியின்மேல் வரி சுமார் 3,200. ஆக நான்கு இரவுப் பால்கனிக்கு விலை இரண்டு இலட்சமன்று. இரண்டு இலட்சத்து இருபத்தோராயிரம். தவணையாக மாற்றிய செலவுக்குப் பல வங்கிகள் புள்ளியும் தருவதில்லை. “வட்டியில்லாத் தவணை” என்று கூறினால், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வட்டிக்கு ஈடாகத் தரும் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விதி. அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

கேட்டதும் கிடைப்பதும்

அமெரிக்காவில் வாழும் உறவினர் மூலம் நம் இளைஞர்கள் ஒரு செய்தி கேள்விப்படுகிறார்கள். அங்கே சில உயர்வகை அட்டைகளை வைத்திருப்போர், அட்டை நிறுவனத்தின் வழியே குறைந்தது ஐந்து இரவுப் பயணம் பதிவு செய்தால், ஓர் அறைக்கு 100 முதல் 300 டாலர் வரை கப்பலில் செலவழித்துக்கொள்ள வரவு வைக்கிறார்கள் என்பதே அது. செய்தி மெய்தான். ஆனால் அதே பெயர் பொறித்த அட்டை நம் நாட்டில் வெளியிடப்படும்போது அதே சலுகை வரும் என்று கருதலாகாது. நாட்டுக்கு நாடு சலுகைப் பட்டியல் வேறு. மேலும் டிப்ஸும் பானமும் கட்டணத்திலேயே அடங்கிய கப்பலில் அத்தகைய வரவுக்குச் செலவிடும் வழியே குறைவு. “கப்பல் பயணத்திற்கு ஏராளமான சலுகை” என்று தொலைபேசியில் சொன்ன அலுவலரிடம், சலுகை விதிகளில் கப்பல் என்ற சொல் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்கும்படி நண்பரிடம் கூறினேன். கேட்டார். மறுநாள் அழைப்பதாகச் சொன்னவர் அழைக்கவில்லை.

மெய்யாகவே பயன் தரக்கூடியது விமான நிலைய ‘லவுஞ்சு’. இரவு விமானத்திற்காகப் பல மணி நேரம் காத்திருக்கும் முதியோருக்குச் சாய்ந்து உட்கார இடமும், சூடான உணவும், அருகிலேயே கழிப்பறையும் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் அட்டைக்காரருக்கு மட்டும்தானா, உடன் வருவோருக்கும் உண்டா, முந்திய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பவற்றை முன்பே அறிய வேண்டும். பெற்றோர் பெயரில் துணை அட்டை எடுக்கலாம். அதில் ஆகும் செலவுக்கு முழுப் பொறுப்பும் முதல் அட்டைக்காரரையே சாரும்.

தந்தைக்குக் காப்பு உண்டா?

உயர்வகை அட்டையுடன் காப்பீடும் இலவசமாக வருகிறது என்பது அடுத்த கவர்ச்சி. விமான விபத்து, காணாமற்போன பெட்டி, வெளிநாட்டில் அவசர மருத்துவம் ஆகியவற்றுக்கு இவ்வளவு இலட்சம் என்று அச்சிட்டிருப்பார்கள். நண்பர் அந்தப் பட்டியலை எடுத்து வந்திருந்தார். இருவரும் சிறிய எழுத்துகளைப் படித்தோம்.

மருத்துவக் காப்பு அட்டைக்காரருக்கு மட்டுமே. மனைவிக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. வயது வரம்பு ஒன்றும் இருந்தது. முன்பே உள்ள நோய்களுக்குக் காப்பு இல்லை. நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு இருதயத்தில் ஸ்டெண்டு வைத்தார்கள், சார்” என்றார்.

நால்வரில் காப்பு மிகவும் தேவைப்படுபவர் அவர். அந்த அட்டையில் காப்பு அறவே இல்லாதவரும் அவரே.

கப்பலில் மருத்துவரும் மருந்தகமும் உண்டு. ஆனால் கட்டணம் தனியார் மருத்துவமனை போல டாலரில். நம் ஊர்க் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் அங்கே ஏற்கமாட்டார்கள். முதலில் பணம் கட்டிப் பின்னர் கேட்டுப் பெற வேண்டும். நோய் கடுமையானால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்நாட்டில் ஆகும் செலவு சேமிப்பையெல்லாம் விழுங்கிவிடக் கூடும். எனவே தந்தையின் இருதய நோயை மறைக்காமல் எழுதி, அதற்கும் காப்பளிக்கும் தனிப் பயணக் காப்பீடு ஒன்றை அவர் பெயரில் எடுக்கச் சொன்னேன். பிரிமியம் கூடுதலாகத்தான் இருக்கும். பால்கனிக்கு எண்ணியிருந்த பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும். கப்பற்பயணம் அந்தப் பாலிசியில் அடங்குமா, புறப்படுமுன் உடல்நலம் குன்றிப் பயணத்தை ரத்துச் செய்தால் கட்டிய தொகை கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும். கப்பல் நிறுவனங்கள் புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திருப்பித் தரும் தொகையைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசி வாரங்களில் ஒன்றும் திரும்பாது.

அட்டையோடு வரும் காப்பு எதுவாயினும், அதற்கு உங்கள் சம்மதத்தையும் நாமினியின் பெயரையும் எழுத்தில் பெற வேண்டும் என்பது வங்கிகளுக்கு விதி. நாமினியின் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்பதை இன்றே பாருங்கள். வீட்டில் உள்ளவருக்கும் சொல்லி வையுங்கள்.

அட்டையின் மெய்யான பயன்

இவ்வளவும் சொன்னதால், கடன் அட்டையே வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். கப்பலுக்குப் பணம் கட்ட அட்டையே சிறந்த வழி. அதற்குக் காரணம் புள்ளியன்று.

மும்பையிலிருந்து 2019 ஏப்ரலில் ‘கர்ணிகா’ என்ற கப்பலுடன் ஆரவாரமாகத் தொடங்கிய ‘ஜலேஷ்’ நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. கப்பல் உடைப்பதற்காக விற்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து நம்மவர் பலரை ஏற்றிச் சென்ற ‘ஸ்டார் குரூஸஸ்’, ‘ட்ரீம் குரூஸஸ்’ ஆகியவற்றின் தாய் நிறுவனமான ‘கெந்திங் ஹாங்காங்’ 2022 ஜனவரியில் கலைப்பு மனுத் தாக்கல் செய்தது. கப்பலில் ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டுகிறோம். ஏறும் நாளில் நிறுவனமே இல்லாமற்போகலாம் என்பதை இவை காட்டுகின்றன.

ரொக்கமாகவோ வங்கி மாற்றாகவோ கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால், ‘பணம் பெற்றுக்கொண்டு சேவை அளிக்கவில்லை’ என்று அட்டை வங்கியிடம் முறையிடும் வழி ஒன்று உண்டு. வங்கி அதை அட்டை அமைப்பின் வழியே எதிர்த்தரப்பு வங்கியிடம் கொண்டு செல்லும். கால வரம்பு உண்டு. பெரும்பாலும் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். ஆகையால் தாமதமின்றி எழுத வேண்டும். பதிவுச் சீட்டு, கட்டண ரசீது, நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் ஆகிய எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இந்த வசதி ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண அட்டைக்கும் உண்டு.

புறப்படுமுன்

நம் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாமையால், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்தும், கடன் அட்டையில் முதலெழுத்தாகச் சுருங்கியும் நிற்கும். கப்பல் பதிவில் எழுதும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். அட்டையிலும் பதிவிலும் பெயர் வேறுபட்டால், பணம் கட்டுபவர் வேறொருவர் என்று கருதிக் கேள்வி எழலாம்; முன்கூட்டியே நிறுவனத்திடம் தெரிவித்து விடுக.

2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் உள்நாட்டு உபயோகத்திற்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டு உபயோகத்தை வங்கியின் செயலியில் நாமே திறந்து, எல்லைத் தொகையும் குறிக்க வேண்டும். இதை வீட்டில் இருக்கும்போதே செய்க. நடுக்கடலில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது, வங்கி அனுப்பும் கடவு எண்ணும் வந்து சேராது.

கப்பலில் ஏறியதும் உங்கள் அட்டையைப் பதிவு செய்துகொண்டு, உள்ளே ஆகும் செலவையெல்லாம் ஒரே கணக்கில் எழுதுவார்கள். அதற்கு முன்பணம் போல ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் நம் சேமிப்புப் பணமே முடங்கிவிடும். ஆதலால் கடன் அட்டையையே கொடுக்க வேண்டும். “ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உபசாரம் போலத் தோன்றும். ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்குப் பாதகமாகவே இருக்கும். இறங்குவதற்கு முதல்நாள் இரவே கணக்கு நகலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் இறங்குமுன் திருத்துவது எளிது.

அன்று மாலை நண்பர் ஒரு முடிவுக்கு வந்தார். பெற்றோருக்குச் சன்னல் அறை, தமக்கும் மனைவிக்கும் உள்ளறை. நம் நாட்டு ஏஜெண்டு ஒருவர் ரூபாயில் சொன்ன விலை எங்கள் கணக்குக்கு உட்பட்டதாக இருந்தமையால் அவரிடமே பழைய அட்டையில் கட்டினார். கணக்கு வந்த வாரத்திலேயே சேமிப்பிலிருந்து முழுத்தொகையையும் செலுத்திவிட்டார். தந்தையின் நோயைக் குறிப்பிட்டுத் தனிக் காப்பீடும் எடுத்தாயிற்று. புதிய அட்டை வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவித்தார். கேளாமல் அட்டை அனுப்பி அதற்குக் கட்டணமும் விதித்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இருமடங்கு தண்டமும் வங்கி தர வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு விதி என்பதையும் அவருக்குச் சொல்லி வைத்தேன்.

சென்ற வாரம் ஊரிலிருந்து தந்தை தொலைபேசியில் பேசினாராம். கப்பலில் வேட்டி கட்டிக்கொள்ளலாமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. மேல்தளத்தில் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம், காற்றுக்கு மட்டும் சற்று இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.